பாக்தாத்தில் ஆயுதக் காவலர் வேலை: பொதுமக்கள் உயிர் போனால் வழக்கு யார் மேல்?

கேள்வி: என் தம்பி மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது செம்பூரில் ஒரு குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. அந்தேரியில் ஒரு ஏஜென்ட், பாக்தாத்தில் வெளிநாட்டு அதிகாரிகளின் வண்டிகளுக்கு ஆயுதக் காவலர் வேலை இருக்கிறது, நான்கு மடங்கு சம்பளம் என்கிறார். சுட வேண்டி வந்து பொதுமக்கள் யாராவது இறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, ஆன்டாப் ஹில், மும்பை

பதில்: நம்பாதீர்கள். வக்கீல் செலவைக் கம்பெனி ஒருவேளை கட்டும். ஜெயிலுக்குப் போக வேண்டி வந்தால் தம்பிதான் போக வேண்டும்.

இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் வழக்கு ஒன்று இருக்கிறது. 2007 செப்டம்பர் 16, பாக்தாத்தின் நிசூர் சதுக்கம். அமெரிக்க வெளியுறவுத் துறைக்காக வேலை செய்த பிளாக்வாட்டர் கம்பெனியின் காவலர்கள் போக்குவரத்து நெரிசலில் சுட்டார்கள். 17 பொதுமக்கள் இறந்தார்கள், அவர்களில் ஒன்பது வயதுப் பையனும் ஒருவன். அப்போது ஈராக் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாது. அங்கே ஆட்சியில் இருந்த அமெரிக்கத் தரப்பு நிர்வாகம் 2004-லேயே இப்படிப்பட்ட ஒப்பந்தக் காவலர்களுக்கு ஈராக் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்து உத்தரவு போட்டிருந்தது.

வழக்கு அமெரிக்காவில் நடந்தது. சம்பவம் முடிந்ததும் காவலர்களிடம் வேலை போகும் என்ற பயத்தில் வாங்கிய வாக்குமூலங்களை அரசுத் தரப்பு பயன்படுத்திவிட்டது என்று சொல்லி, 2009-ல் நீதிபதி வழக்கையே தள்ளுபடி செய்தார். 2011-ல் மேல்முறையீட்டில் அது திரும்ப உயிர் பெற்றது. 2014-ல் நான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு ஆயுள் தண்டனை, மற்ற மூவருக்கு முதலில் 30 ஆண்டுகள், பிறகு அது குறைக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வரையும் மன்னித்து விடுவித்தார். அமெரிக்க அதிபர் அமெரிக்கக் குடிமக்களுக்குக் கொடுத்த மன்னிப்பு அது. உங்கள் தம்பிக்காக வாஷிங்டனில் யார் போய்ப் பேசுவார்கள்?

இத்தனைக்கும் நடுவில் கம்பெனி எங்கே போனது? அந்தச் சாவுகளுக்காக அதன் மேல் கிரிமினல் வழக்கே இல்லை. சில குடும்பங்களோடு பணம் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 2009-ல் ஒரு முறையும் 2011-ல் இன்னொரு முறையும் பெயரை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தது.

கம்பெனியைப் பிடிக்கவே முடியாது என்றும் இல்லை. ஈராக்கில் அமெரிக்க ராணுவம் நடத்திய அபு கிரைப் சிறையில் விசாரணையாளர்களை வேலைக்கு வைத்திருந்த சிஏசிஐ நிறுவனம், சித்திரவதைக்கு உள்ளான மூன்று ஈராக்கியர்களுக்கு மொத்தம் 4.2 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அமெரிக்க ஜூரி ஒன்று தீர்ப்பளித்தது. வழக்கு போட்டது 2008-ல். அதுவும் சிவில் வழக்கு, நஷ்டஈடு மட்டும்தான். ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனி மனிதர்களைத்தான் விசாரிக்கும், நிறுவனங்களை அல்ல.

சரி, இன்றைய நிலைமை. ஈராக்கில் அந்த விலக்கு 2009 தொடக்கத்தோடு முடிந்தது. அந்த ஆண்டே சக ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் காவலர் ஒருவருக்கு பாக்தாத் நீதிமன்றம் 2011-ல் 20 ஆண்டுகள் சிறை கொடுத்தது. கம்பெனி அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தக்காரர் என்றால், அமெரிக்கச் சட்டப்படி இந்தியரையும் அங்கே கொண்டுபோய் விசாரிக்கலாம். நம் சட்டமும் விடாது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கு பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும், விசாரணைக்கு மத்திய அரசின் அனுமதி மட்டும் வேண்டும். ஆக, மூன்று நாட்டுச் சட்டங்கள் தம்பியின் தலைக்கு மேல் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது இதைவிட வேறொன்றுக்கு. தம்பி காஷ்மீரிலோ வடகிழக்கிலோ இருந்திருந்தால், ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் அவருக்குப் பின்னால் நின்றிருக்கும். மத்திய அரசு ஒப்புக்கொள்ளாமல் வழக்கு நடக்காது. ராணுவ வீரன் போர் விதிகளுக்குள் நின்று எதிரியைச் சுட்டால் அது கொலை ஆகாது. தனியார் காவலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு பொதுஜனம், அவ்வளவுதான். தன் உயிரையோ தான் காக்க வேண்டியவர் உயிரையோ காப்பாற்றிக்கொள்ள மட்டும் சுடலாம். "ஆர்டர் வந்தது, சுட்டேன்" என்பது அங்கே எடுபடாது. பல வருடம் ஆர்டருக்குப் பழகிய கை இதை மறந்துவிடும்.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே சரக்குக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கும் ஆயுதக் காவலர்களோடு ஒரு அமெரிக்க நிறுவனத்தின் கப்பல் பிடிபட்டது. சீமேன் கார்ட் ஓஹையோ என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை, அனுமதியில்லாத ஆயுதம் என்பதுதான் வழக்கு. இந்தியர்கள் உட்பட 35 பேருக்கு 2016 ஜனவரியில் ஐந்தாண்டு சிறை விதித்தார்கள். 2017 நவம்பரில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. இடையில் கம்பி எண்ணியது கப்பலில் இருந்தவர்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் போவதென்றால் ஒப்பந்தத்தை முழுதாகக் கையில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பக்கம் போதாது. கம்பெனியின் வாடிக்கையாளர் யார், அவர் ராணுவமா தூதரகமா தனியார் எண்ணெய்க் கம்பெனியா என்று பாருங்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்றும், எப்போது சுடலாம் என்ற விதிகள் எழுத்தில் உண்டா என்றும் கவனியுங்கள். கிரிமினல் வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது, வேலையை விட்டு நீக்கிய பிறகும் அது தொடருமா என்ற வரி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, சேர்க்கச் சொல்லுங்கள். "எல்லாப் பொறுப்பும் ஊழியருடையது" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். ஜெனீவாவில் உள்ள தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் நடத்தை விதிச் சங்கத்தில் கம்பெனி உறுப்பினரா என்பதையும் அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். அது உத்தரவாதம் இல்லை, ஆனால் புகார் கொடுக்க ஓர் இடமாவது இருக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால், கம்பெனி நீட்டும் அறிக்கையில் வக்கீல் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்பது அவர் உரிமை.

கடைசியாக அந்த அந்தேரி ஏஜென்ட். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். 2024 மார்ச்சில் சிபிஐ மும்பை, மதுரை உள்ளிட்ட ஊர்களில் சோதனை போட்டது, வேலை என்று சொல்லி ஆட்களை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிய ஏஜென்ட்டுகளைத் தேடித்தான். பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டாம்.