மேப் போட்டும் பெயர் வரவில்லையா? ராம் வாங்காதீர்கள்

கேள்வி: கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். உறுப்பினர் பெயர்களின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் காலி இடத்தை நீக்க, பைத்தான் என்ற கணினி மொழியில் மேப்பும் லாம்டாவும் போட்டேன். பெயர்களுக்குப் பதில் 'மேப் ஆப்ஜெக்ட்' என்று ஒரு வரி வருகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் ராம் பத்தாது என்கிறார். கூட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சில நூறு பெயருக்கு ராம் பத்தாது என்பவர் உங்கள் பர்ஸைத்தான் பார்க்கிறார்.

லாம்டா என்பது பெயர் வைக்காத சின்ன ஃபங்ஷன். ஒரு பெயரை வாங்கி, ஸ்ட்ரிப் செய்து, அதாவது முன்பின் காலி இடத்தை வெட்டி, திருப்பித் தரும். உங்களுடையது சரியாகவே இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஃபங்ஷனைப் போடும் மேப்தான், 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் கேட்டால் மட்டுமே வேலை செய்யும். லிஸ்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த மேப் முழுவதையும் வையுங்கள், பெயர்கள் வந்துவிடும். அந்த லிஸ்ட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். அதே மேப்பை மறுபடி கேட்டால் ஒன்றும் வராது, கறந்து முடித்த மடி மாதிரி.

இதைக்கூடச் சொல்லாமல், 2020-லேயே ஆதரவு நின்றுபோன பைத்தான் 2 நோட்ஸை ஜெராக்ஸ் போட்டு ஃபீஸ் வாங்கும் கோச்சிங் சென்டர்களை என்ன சொல்வது!

அப்புறம், உங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையே பாருங்கள். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு. பொன்னம்மாள் ஒருவரே இரண்டு உறுப்பினராகிவிடுவார், போனஸ் போடும்போது தகராறு வரும். ஸ்ட்ரிப் இதைத் தொடாது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில், இப்படி இரண்டு விதமாகத் தட்டியதை ஒரே விதமாக்கும் நார்மலைஸ் இருக்கிறது. 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) என்று கொடுத்து அதையும் லாம்டாவுக்குள்ளேயே சேருங்கள். மலையாளப் பட்டியலும் வைத்திருப்பீர்கள். அதில் சில்லெழுத்துகளுக்கு, அதாவது ன், ர், ல் போல உயிர் சேராத மெய்களுக்கான மலையாள எழுத்துகளுக்கு, 2008-ல்தான் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தனிக் குறியீடு தந்தது. பழைய முறையில் தட்டியதை நார்மலைஸ் மாற்றாது. ஒவ்வொரு சில்லுக்கும், பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் ரீப்ளேஸ் போட்டாக வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

இவ்வளவும் எழுத்தாக வந்த பட்டியலுக்குத்தான். சில ஆபீஸ்களில் பட்டியலை பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, அதை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படத்தை வைத்துக்கொண்டு லாம்டா என்ன செய்யும்? எக்செல் ஃபைலாகவே தரச் சொல்லி வற்புறுத்துங்கள்.