சேற்றுச் சாயத் துணியை வெட்டித் தைத்தவர்

கேள்வி: ஆப்பிரிக்க ஆடை வடிவமைப்பின் முன்னோடிகளுள் ஒருவராக மாலி நாட்டின் கிறிஸ் செய்டூவைச் சொல்கிறார்களே, அவருடைய சாதனைதான் என்ன?

பதில்: தலைநகர் பமாகோவை அடுத்த காத்தி என்னும் ஊரில் 1949-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் செய்டூ நூரு தும்பியா. பூத்தையல் வேலை செய்த தாயின் மகனான அவர், இளவயதிலேயே உள்ளூர்த் தையற்காரரிடம் தொழில் பழகி, அண்டை நாடான ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் பெயர் பெற்று, 1970-களின் தொடக்கத்தில் பாரிஸுக்குச் சென்றார். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் மீதிருந்த மதிப்பினால் ‘கிறிஸ்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

அவருடைய பணிகளில் தலையாயதாக நான் கருதுவது, போகோலான் என்னும் துணியை அவர் கையாண்ட முறையையே. மாலியின் பம்பாரா இன மக்களிடையே ஆண்கள் ஒடுங்கிய பட்டைகளாக நெய்யும் பருத்தித் துணியை ஒன்றாகத் தைத்து, பெண்கள் அதை இலைச்சாற்றில் தோய்த்து மஞ்சளாக்கிய பின், நெடுநாள் ஊறவைத்த இரும்புச்சத்து மிக்க சேற்றைக் கொண்டு அதன்மேல் வடிவங்களை வரைவார்கள். இலையின் துவர்ப்போடு இரும்பு வினைபுரிவதால், சேறு பட்ட இடமெல்லாம் கழுவினாலும் போகாத கருமை பெறும். வேட்டைக்காரர்களும் பிள்ளை பெற்ற பெண்களும் தங்களுக்குக் காப்பாக அணிந்த துணி அது. அதன் மீது கத்தரி வைக்கவே செய்டூ முதலில் தயங்கினார். அந்தத் தயக்கம் அவர் மீதான நம் மதிப்பை உயர்த்துகிறது.

தையற்கலை சார்ந்த சிக்கலும் இருந்தது. ஒரே துணியில் பல்வேறு வடிவங்கள் நெருங்கிக் கிடந்தால், வெட்டிய துண்டுகளை இணைக்கும்போது கையும் முன்பக்கமும் ஒன்றோடொன்று இசைவதில்லை. எனவே அவர் வடிவங்களை எளிமையாக்கி, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருமாறு துணியைத் தனியே வரைவித்து, குட்டைப் பாவாடை, ஜாக்கெட், கோட்டு என நகரத்து உடைகளைத் தைத்தார். உடலைச் சுற்றிக் கட்டிய துணி, உடலின் அளவுக்குத் தைத்த உடையானது இவ்வாறுதான்.

1990-இல் பமாகோ திரும்பிய பின், இத்தேமா என்னும் மாலி நாட்டுத் துணி ஆலையுடன் சேர்ந்து போகோலான் வடிவங்களை அச்சுத் துணியாகவும் கொண்டுவந்தார். அச்சில் கைவேலையின் உயிர் குறையும் என்பது உண்மையே. ஆனாலும், கையால் வரைந்த துணியின் விலை எட்டாத நகர மக்களுக்கு அந்த வடிவங்களை அணியும் வாய்ப்பை அதுவே தந்ததால், அம்முடிவு சரியானதென்றே நினைக்கிறேன். 1994 மார்ச்சில், 44 வயதில் அவர் காலமானார்.