அயர்லாந்து நாட்டுப்புறத்தில் குடும்பத்தோடு ஒரு நாள்: கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்ற கேள்விகள் நிறைய வந்துள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளாக மீத் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வசிக்கிறேன். என் பிள்ளைகள் தள்ளுவண்டியில் உட்கார்ந்து வந்த காலத்திலிருந்து, இன்று மலைப்பாதையில் எனக்கு முன்னால் ஓடும் காலம் வரை, இந்த நாட்டின் கிராமப்புறங்களில் கழித்த நாள்கள் பல. அவை எனக்குக் கற்றுத் தந்ததை வைத்தே பதில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும் என்பது என் உறுதியான கருத்து என்பதால், கீழே எங்கும் "அப்படியே அடுத்ததையும் பார்த்துவிடலாம்" என்ற யோசனையைக் காண மாட்டீர்கள்.

கேள்வி: நாங்கள் டப்ளினில் இருக்கிறோம், கார் இல்லை. பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் எட்டு வயதும். காலையில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய இடம் ஒன்று சொல்லுங்கள் அக்கா.

விக்லோ கவுன்டியிலுள்ள அவான்டேலைச் சொல்வேன். கொனலி நிலையத்தில் ராஸ்லேர் செல்லும் ரயிலில் ஏறி ராத்டிரமில் இறங்கினால், அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடிய சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் 1846இல் பிறந்த வீடு இது. பிறகு 1904 முதல் இங்குதான் நாட்டின் வனவியல் பயிற்சி தொடங்கியது. 2022இல் மர உச்சிகளுக்கு நடுவே ஒரு மரப்பாதை அமைத்தார்கள். அது படிகள் இல்லாமல் மெல்ல மெல்ல உயர்ந்து, 38 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தில் போய் முடிகிறது. கோபுர உச்சியிலிருந்து சுழன்று இறங்கும் சறுக்கு ஒன்று உண்டு. உங்கள் எட்டு வயதுப் பிள்ளை அதை விட்டு வர மாட்டாது. அந்தத் தடத்தில் ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடுவதால், திரும்பி வரும் ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு பிறகு கிளம்புங்கள்.

கார்க் நகரில் தங்க நேர்ந்தால், கோவ் செல்லும் ரயிலில் ஃபோட்டா நிலையத்தில் இறங்குங்கள். 1983இல் திறந்த வனவிலங்குப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. லெமூர்களும் வாலபிகளும் அங்கே மனிதர்களுக்கு நடுவிலேயே உலவுகின்றன. சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) உணவளிக்கும்போது, இறைச்சியைக் கம்பியில் தொங்கவிட்டு வேகமாக இழுத்து அதை ஓட வைக்கிறார்கள்.

கேள்வி: நியூகிரேஞ்சைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு மண்மேட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள இடம் என்பதால், வந்த விருந்தினர்களையெல்லாம் அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். இந்த நாட்டில் ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் மறக்க முடியாத பத்து நிமிடங்கள் அங்கேதான் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கி.மு. 3200 அளவில், அதாவது எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, போயின் ஆற்றின் வளைவில் உழவர்கள் கட்டிய கல்லறை மேடு இது. மேட்டின் விட்டம் சுமார் 85 மீட்டர்; அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள் கிடக்கின்றன. வாசலில் படுத்திருக்கும் கல்லில் செதுக்கிய சுருள்களை, நம் வாசல் கோலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உடனே விரலால் காற்றில் வரைந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே 19 மீட்டர் நீளமான இடைவழி. சில இடங்களில் பெரியவர்கள் குனிந்தும் பக்கவாட்டில் திரும்பியும் நடக்க வேண்டும்; பிள்ளைகள் நிமிர்ந்தபடியே போய்விடுவார்கள். கடைசியில் உள்ள அறையின் கூரையில் சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. ஒவ்வொரு கல்லும் கீழேயுள்ள கல்லைவிடச் சற்று உள்ளே நீண்டு வந்து, மேலே ஒரே கல்லில் மூடுகிறது. ஐயாயிரம் ஆண்டு மழைக்குப் பிறகும் அந்த அறைக்குள் நீர் ஒழுகவில்லை.

வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருக்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாள்களில், சூரியன் உதித்துச் சில நிமிடங்களில் அந்தத் திறப்பு வழியே ஒளி நுழைந்து, இடைவழியில் ஊர்ந்து, அறை வரை வந்து, சுமார் 17 நிமிடம் தங்குகிறது. அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967இல் அதை நேரில் கண்டார். அந்த நாள்களில் உள்ளே நிற்பவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற நாள்களில் வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டு, மின்விளக்கால் அதே ஒளிக்கோட்டைக் காட்டுவார். விளக்கு அணைந்ததும், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் வேறுபாடு தெரியாத இருட்டு. என் மகள் ஆறு வயதில் என் சுண்டு விரலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். பிறகு தரையில் மஞ்சளாக ஒரு கோடு தோன்றி அவள் காலணி வரை வந்தபோது, அதன் மேல் படக்கூடாது என்று தன் காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஆற்றுக்குத் தென்கரையிலுள்ள பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் மேட்டுக்குப் போக முடியும். இடம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தள்ளுவண்டியையும் முதுகுப்பையையும் உள்ளே அனுமதிப்பதில்லை. நெருக்கமான இடம் என்றால் அஞ்சும் பிள்ளையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தயார் செய்யுங்கள். கட்டாயப்படுத்தி உள்ளே அழைத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: நான்கு வயது மகனுடன் மோஹர் பாறைகளுக்குப் போவது பாதுகாப்பா?

214 மீட்டர் வரை உயர்ந்து கடலுக்குள் நேராக இறங்கும் பாறைகள் அவை. மையத்தை ஒட்டிய நடைபாதையில் இடுப்பளவுக்குக் கற்பலகைச் சுவர் இருக்கிறது. அதற்குள் இருக்கும்வரை அச்சமில்லை. சுவரைத் தாண்டிய ஓரங்களுக்கு எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். காற்று திடீரென்று தள்ளும். பாறையின் விளிம்பும் உறுதியானது அன்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை வந்தால் பஃபின் பறவைகளைத் தொலைநோக்கியில் காட்டலாம்.

மனத்தில் பட்டதைச் சொல்வதானால், நான்கு வயதுப் பிள்ளைக்கு மோஹரைவிட அதே கிளேர் கவுன்டியிலுள்ள பர்ரன்தான் ஏற்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, அதன் வெடிப்புகளில் மே மாதம் நீல ஜென்ஷியன் பூக்கள் என்று அது முற்றிலும் வேறோர் உலகம். அங்கே குளிர்காலத்தில்தான் மாடுகளை மலைக்கு ஓட்டுகிறார்கள். கோடையில் வாங்கிய வெயிலைப் பாறை தேக்கி வைத்திருப்பதால் மேலே தரை காய்ந்தும் கதகதப்பாகவும் இருக்கும். குளிர்காலத்தில் மாடுகள் மேய்ந்துவிடுவதால்தான் வசந்தத்தில் பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. மழை பெய்தால் அங்குள்ள ஐல்வீ குகைக்குள் போய்விடலாம். முயலைத் துரத்திய நாயின் பின்னால் போன ஒரு மேய்ப்பர் 1940களில் கண்டுபிடித்த குகை அது. பழுப்புக் கரடிகள் உறங்கிய குழிகளும் உள்ளே இருக்கின்றன.

கேள்வி: ஜயன்ட்ஸ் காஸ்வேக்குப் போக விசா வேண்டுமா? எல்லையில் யாரும் சோதிப்பதில்லை என்கிறார்களே.

சோதனைச் சாவடி இல்லை என்பது உண்மை. விசா வேண்டாம் என்பது உண்மை அன்று. பாறைத் தூண்களுக்குப் பெயர்பெற்ற அந்தக் கடற்கரை வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், கையில் ஐஆர்பி கார்டு (அயர்லாந்தில் வசிப்பதற்கான அனுமதி அட்டை) இருந்தாலும், பிரிட்டிஷ் விசா இல்லாமல் அங்கே போகக் கூடாது. இந்தியாவிலிருந்து குறுகிய காலப் பயணமாக வருகிறவர்களுடைய அயர்லாந்து விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-அயர்லாந்து விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் மட்டும் அதே விசாவில் போகலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதில் துணிந்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டப்ளினிலிருந்து அயர்லாந்துக்குள்ளேயே இருக்கும் டோனகல் கவுன்டிக்கு வழி கேட்டால், மொபைல் வரைபடம் பெரும்பாலும் ஓமா வழியாகவோ என்னிஸ்கிலன் வழியாகவோ காட்டும். இரண்டு ஊர்களும் எல்லைக்கு அப்பால் இருப்பவை. வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும்போதுதான் பலருக்கு அது தெரிய வருகிறது. ஸ்லைகோ, பண்டோரன் வழியாகப் போனால் நேரம் கூடும், ஆனால் எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. அந்த வழியில் போய்ச் சேரும் கிளென்வே தேசியப் பூங்கா, செம்மான்களும் ஏரியும் ஏரிக்கரைக் கோட்டையுமாக, காஸ்வேயைத் தவறவிட்ட வருத்தத்தைத் தீர்த்து வைக்கும்.

கேள்வி: மாமியார் மதுரையிலிருந்து வந்திருக்கிறார். முழங்கால் வலி. கைக்குழந்தையும் உண்டு. இருவருக்கும் ஒத்துவரும் இடம் இருக்கிறதா?

மூன்று இடங்கள் நினைவுக்கு வருகின்றன. டப்ளினுக்கு அருகில் என்றால் கிளென்டலாக். ஆறாம் நூற்றாண்டில் புனித கெவின் தவமிருந்த பள்ளத்தாக்கு அது. சுமார் 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரத்தின் வாசல் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் மேலே இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். இரண்டு ஏரிகளுக்கும் இடையே உள்ள பாதை சமமானது. கூட்டம் சேரும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆஃபலியிலுள்ள பர் கோட்டைத் தோட்டம். மூன்றாம் ராஸ் பிரபு 1845இல் அங்கே நிறுவிய தொலைநோக்கியின் கண்ணாடி 1.8 மீட்டர் அகலம். 1917 வரை உலகில் அதைவிடப் பெரியது இல்லை. ஒரு விண்மீன் மண்டலம் சுருள் வடிவில் இருப்பதை அதன் வழியாகத்தான் முதன்முதலில் கண்டார்கள். பிள்ளைகளுக்குப் பெரிய மரவீடும் அங்கே உண்டு.

மூன்றாவதுதான் உங்கள் மாமியாருக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கில்லார்னியில் உள்ள மக்ரஸ் பழைய பண்ணைகளில், மின்சாரம் வருவதற்கு முந்தைய 1930களின் கிராம வாழ்க்கையை அப்படியே வைத்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த, டர்ஃப் எனப்படும் எரிமண் கட்டிகளை அடுக்கி மூட்டிய தீயில், இரும்புச் சட்டியில் சோடா ரொட்டி சுடுவார்கள். சட்டியின் மூடி மேலும் தணலை அள்ளி வைப்பார்கள். நான் என் அம்மாவை அழைத்துச் சென்றபோது, இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லாமலேயே, அடுப்பருகில் நின்ற பெண்மணியும் அம்மாவும் தணல் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கைச்சைகையிலேயே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பண்ணைகளுக்கு இடையே நடக்க முடியாதவர்களை ஒரு பழைய பேருந்தில் ஏற்றிச் செல்கிறார்கள். எல்லா மாதங்களிலும் திறந்திருக்காது. நாள் பார்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்கும் பண்ணைகளுக்கு மகளை அழைத்துச் செல்ல ஆசை. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆடுகள் ஈனும் பருவத்தில் கர்ப்பிணிகள் ஈன்ற ஆட்டையோ குட்டியையோ தொடக்கூடாது. அந்தக் கொட்டகைக்குள் நுழையவும் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் தொற்றுகள் அவற்றிலிருந்து பரவக்கூடும். இந்த ஆண்டு மகளைக் கணவருடன் அனுப்புங்கள். அவர்கள் வீடு திரும்பியதும் உடைகளையும் காலணிகளையும் நீங்கள் துவைக்க வேண்டாம்.

விலங்குகளைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கைகழுவ வேண்டும். ஜெல் மட்டும் போதாது, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு அதை நம்ப முடியாது. கைகழுவும் வரை விரல் சூப்புவதும் தின்பண்டம் சாப்பிடுவதும் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில் குழாயில் சோப்பே இல்லாமல் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து என் பையில் எப்போதும் ஒரு சோப்புத் துண்டு இருக்கிறது.

கேள்வி: அழகான புல்வெளியைப் பார்த்தால் இறங்கி நடக்கலாமா?

ஸ்காட்லாந்தைப் போல எங்கும் நடக்கும் உரிமை அயர்லாந்தில் இல்லை. நீங்கள் பார்க்கும் புல்வெளி ஏறக்குறைய எப்போதும் ஒருவருடைய பிழைப்பு. அடையாளமிட்ட பாதைகளிலும், குயில்ச்சா (Coillte) நிறுவனம் பராமரிக்கும் அரசு வனங்களிலும், தேசியப் பூங்காக்களிலும் தாராளமாக நடக்கலாம். வழியில் வேலிக்கதவு இருந்தால், மூடியிருந்ததை மூடியும் திறந்திருந்ததைத் திறந்தும் விடுங்கள். கன்றுடன் நிற்கும் பசுவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நல்ல தூரம் இருக்கட்டும். கதவின் முன்னால் காரை நிறுத்தாதீர்கள். டிராக்டர் எந்த நேரமும் வரும். கிராமச் சாலைகளில் 2025 பிப்ரவரி முதல் பொதுவான வேக வரம்பு 60 கிலோமீட்டர்தான்.

கேள்வி: பாம்பு, பூச்சி பயம் உண்டா?

இந்தத் தீவில் காட்டுப் பாம்பு கிடையாது. உண்ணி உண்டு, அது லைம் நோயைப் பரப்பக்கூடும். நீண்ட காற்சட்டை அணிவித்து, இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். வெளியிடங்களில் என்ன கிடைக்கும்?

ஸ்கோன், சீஸ் சான்ட்விச், காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் பெரும்பாலும் கிடைக்கும். சூப்பைக் கோழிச்சாற்றில் செய்திருக்கலாம் என்பதால் கேட்டு வாங்குங்கள். நான் எலுமிச்சைச் சாதமும் வெந்நீர்க் குடுவையும் எடுத்துப் போகிறேன். மழைக்கு ஒதுங்கிக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்களும் நல்ல நாள்களே.

கேள்வி: பத்து வயது மகனுக்கு வரலாறு பிடிக்கும். கூட்டம் இல்லாத இடம் ஒன்று?

லாங்ஃபோர்டிலுள்ள கோர்லியா. சதுப்பு நிலத்தைக் கடக்க ஓக் மரங்களைப் பிளந்து பலகையாக்கி, தண்டவாளக் கட்டைகள் போலப் பக்கம் பக்கமாக அடுக்கிய சாலை அது. மர வளையங்களை எண்ணி, மரங்களை வெட்டிய காலம் கி.மு. 148 என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பலகைகளின் எடையே சாலையை அமிழ்த்தியதால் சில ஆண்டுகளில் அது நிலத்துக்குள் போய்விட்டது. காற்றுப் படாத ஈர மண்ணில் அழுகாமல் கிடந்தது. டர்ஃப் வெட்டும்போது வெளிப்பட்டதில் 18 மீட்டர் நீளத்தை ஒரு கூடத்துக்குள் ஈரப்பதம் குறையாமல் வைத்திருக்கிறார்கள். பலகைகளில் கோடாலி பட்ட வெட்டுத் தடங்களைத் தெளிவாகப் பார்க்கலாம். வழிகாட்டியிடம் கேள்வி கேட்க மகனை முன்னால் நிறுத்துங்கள். பார்த்து முடித்ததும் வெளியே சதுப்பின் மேல் போட்டிருக்கும் மரநடைபாதையில் அவனை நடக்க விடுங்கள்.