ஒரு பெயர்கூடப் பொருந்தாத மாக் டிராஃப்ட் மோசமான மாக்கா?

நீங்கள் போட்ட மாக்கை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட், ஒவ்வொரு தேர்வும் ஒரு பிக்; யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துப் போடுவது மாக். 2025 டிராஃப்டுக்கு முன்பு கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக, டிராஃப்டை ஓட்டிப் பார்த்து மார்க் போடும் கணினிச் சிமுலேட்டரில் போட்டது. 23-ஆவது பிக்கில் மிஷிகன் பல்கலைக்கழகக் கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) வில் ஜான்சன், 54-இல் ஒரு எட்ஜ் ரஷர் (பந்தை வீசுபவரை ஓரத்திலிருந்து பாய்ந்து மடக்குபவர்), அப்புறம் 87, 159 ஆகிய பிக்குகளை டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து 60-ஆவது பிக்குக்கு ஏறி இன்னொரு கார்னர்பேக். வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரும் இல்லை. சிமுலேட்டர் ஏ பிளஸ் கொடுத்தது. நிஜத்தில் பேக்கர்ஸ் எடுத்தது மாத்யூ கோல்டன், அன்டனி பெல்ட்டன், சவியன் வில்லியம்ஸ். ஒரு பெயரும் பொருந்தவில்லை, அப்படியென்றால் என் மாக் குப்பையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் பொருந்தாததற்கு நான் ஒரு மார்க்கூடக் குறைக்க மாட்டேன். ஏழு ரவுண்ட், 32 அணி, அந்த வருடம் மொத்தம் 257 பிக். முதல் ரவுண்டிலேயே போவார் என்று பலர் எழுதி வைத்திருந்த ஷெடூர் சாண்டர்ஸ் 144-ஆவது பிக் வரை காத்திருந்தார். தொழிலாகவே இதைச் செய்கிறவர்களுக்கே இந்த நிலை. அதே நேரம், அந்த ஏ பிளஸையும் கணக்கில் எடுக்க மாட்டேன். சிமுலேட்டர் தன்னிடம் உள்ள வரிசையில் மேலே இருக்கும் ஆளை நீங்கள் தாமதமாக எடுத்தால் மார்க் போடுகிறது, அவ்வளவுதான். அந்த ஆள் அந்த அணிக்கு எதற்கு என்று அது கேட்பதே இல்லை.

என் குறை வேறு. அன்றைக்குக் கண்ணில் பட்ட ஓட்டையை மட்டும் அடைத்திருக்கிறீர்கள். 2020-இல் நானும் இதையேதான் செய்தேன். முந்தைய சீசனில் பேக்கர்ஸுக்கு 13 வெற்றி, 3 தோல்வி, லீக்கின் ஒரு பாதியான என்எஃப்சியின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவிடம் தோல்வி, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு வயது 36, டாவான்டே ஆடம்ஸைத் தவிர நம்பிப் பந்தை வீச ஆள் இல்லை. யார் போட்ட மாக்கைப் பார்த்தாலும் ரிசீவர்தான், என்னுடையதிலும். கோவிட் காலம் என்பதால் லீக் கமிஷனர் ராஜர் குடெல் தன் வீட்டு அடித்தளத்திலிருந்து பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். 22-இல் ஜஸ்டின் ஜெஃபர்சன் மினசோட்டாவுக்குப் போனார், 25-இல் பிராண்டன் ஐயுக் சான் பிரான்சிஸ்கோவுக்கு. அடுத்த 26-இல் பேக்கர்ஸ் பெயர் வந்தது, மயாமியிடம் 30-ஐயும் 136-ஐயும் கொடுத்து ஏறியிருக்கிறார்கள், சரி, மிச்சமிருக்கும் ரிசீவர்களில் ஒருவருக்காகத்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜோர்டன் லவ், குவார்ட்டர்பேக். அந்த வருடம் அவர்கள் எடுத்த ஒன்பது பேரில் ஒரு ரிசீவர்கூட இல்லை.

ராட்ஜர்ஸ் அதன்பின் இரண்டு வருடம் தொடர்ந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபி வாங்கினார். 2021 ஜனவரியில் சொந்த மைதானத்திலேயே டாம்பாவிடம் 31-26 என்று தோற்றபோது, அந்த 26-ஆவது பிக் ஒரு ரிசீவராக இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வந்தது, இப்போதும் வருகிறது. ஆனால் 2023-இல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனபோது அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருந்தார். அந்த சீசனின் பிளே-ஆஃபில் டல்லாஸைப் போய் 48-32 என்று அடித்துவிட்டு வந்ததும் அதே லவ்தான்.

அதிலிருந்து மாக் போடும்போது ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே அங்கே ஆடுகிறவரின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று எழுதி வைக்கிறேன். உங்கள் மாக்குக்கு அதைப் போட்டுப் பாருங்கள். 2022-இல் பேக்கர்ஸ் எடுத்த கூட்டத்துக்கு 2025 சீசனோடு முதல் ஒப்பந்தம் முடிவதாக அந்த ஏப்ரலில் இருந்தது: ரிசீவர்கள் கிறிஸ்டியன் வாட்சன், ரோமியோ டப்ஸ், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள்கள் சாக் டாம், ரஷீத் வாக்கர். போதாததற்கு வாட்சனுக்கு ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. ஆக, ஏப்ரலில் ரிசீவரும் டேக்கிளும் எடுப்பார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிகிறது. முதலில் கோல்டன், இரண்டாவது பெல்ட்டன், டேக்கிள். மூன்றாவதும் ரிசீவர். கோல்டனை அறிவித்தபோது கிரீன் பேயில் கூடியிருந்த கூட்டம் போட்ட சத்தத்துக்குக் காரணம் உண்டு, 2002-இல் ஜாவன் வாக்கருக்குப் பிறகு முதல் ரவுண்டில் இந்த அணி எடுத்த முதல் ரிசீவர் அவர்.

கார்னர்பேக் தேவையில்லை என்று சொல்லவில்லை. பேக்கர்ஸின் கார்னர்பேக் ஜாய்ரே அலெக்சாண்டர் நிலைக்க மாட்டார் என்று நீங்கள் கணித்தது சரி, ஜூனில் விடுவித்துவிட்டார்கள். ஆனால் மார்ச்சிலேயே இன்னொரு கார்னர்பேக் நேட் ஹாப்ஸை நான்கு வருட ஒப்பந்தத்தில் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் முதல் மூன்று பிக்கில் இரண்டை அங்கேயே போட்டது அதிகம். ஜான்சன் 23-இல் கிடைப்பார் என்ற ஊகத்தில் தப்பில்லை, நிஜத்திலும் அவர் அங்கே இருந்தார், 47 வரை போனார். முழங்கால் பற்றிய கவலைதான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. வீட்டிலிருந்து மாக் போடுகிறவருக்கு மருத்துவ அறிக்கை எங்கே கிடைக்கும், அதற்காக உங்களைக் குறை சொல்ல முடியாது.

டெட்ராய்ட்டோடு பிக் மாற்றிக்கொண்ட டிரேடு மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் டல்லாஸ் அணி ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி போட்ட மதிப்புப் பட்டியல் பழசுதான், இருந்தாலும் ஒரு கணக்குக்கு உதவும். அதில் 60-ஆவது பிக்குக்கு 300 புள்ளி. நீங்கள் கொடுத்த 87-க்கு 155, 159-க்கு ஏறக்குறைய 28, மொத்தம் 183. லவ்வுக்காக ஏறியபோது கொடுத்தது 620-உம் 38-உம், வாங்கியது 700. கொஞ்சம் லாபம், ஆனால் நம்பக்கூடிய லாபம். 183-க்கு 300-ஐ அதே டிவிஷனில் ஆடும் எதிரி, அதுவும் 15-2 என்று முடித்த அணி, பேக்கர்ஸுக்குக் கொடுக்குமா? கம்ப்யூட்டர் கொடுக்கும். அந்த டிரேடை எடுத்துவிட்டு மாக்கை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் சி பிளஸ். 54-இல் எடுத்த எட்ஜ் ரஷருக்காகவே அந்த பிளஸ், அந்த இடத்தில் ஆள் வேண்டியிருந்தது உண்மை, ஆகஸ்டில் எட்ஜ் ரஷர் மைக்கா பார்சன்ஸுக்காக கென்னி கிளார்க்கோடு இரண்டு முதல் ரவுண்ட் பிக்கையும் டல்லாஸுக்குத் தூக்கிக் கொடுத்தார்களே. 2026-உம் 2027-உம் அதில் போயின, அதனால் அந்த இரண்டு வருடத்துக்கு மாக் போட்டால் இரண்டாவது ரவுண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். போட்டால் ஒப்பந்த வருடங்களோடு சேர்த்து இங்கே பதியுங்கள், பார்க்கிறேன்.