பெம்டோ நொடித் துடிப்பை அளப்பது எப்படி? கேள்வி பதில்

பெம்டோ நொடி என்றால் ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாகப் பிரித்தது. அவ்வளவு குறுகிய லேசர் ஒளித் துடிப்புகளை அளப்பது பற்றிக் குமரி மாவட்ட நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நாகர்கோவிலிலிருந்து பதில் எழுதுகிறேன்.

தக்கலை, எம்.எஸ்சி. மாணவி: 100 பெம்டோ நொடித் துடிப்பை ஆசிலோஸ்கோப்பில் (மின் சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பார்க்கலாமா சார்?

முடியாதும்மா. ஆசிலோஸ்கோப்புக்காக ஒளியை மின்சாரமாக மாற்றுவது போட்டோடையோடு. மிக வேகமான போட்டோடையோடுக்கே சில பிகோ நொடி, அதாவது சில ஆயிரம் பெம்டோ நொடி, வேண்டும். அதனால் நேரத்தைத் தூரமாக மாற்றி அளக்கிறோம். 100 பெம்டோ நொடியில் ஒளி போவது 30 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிட மெல்லிசு. துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நகரும் கண்ணாடியில் திருப்பி, இரண்டையும் பிபிஓ (BBO) என்ற, ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கும் படிகத்தில் சாய்வாகச் சந்திக்க வையுங்கள். ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டும் 800 நானோமீட்டர் ஒளிகள் கூடி, நடுவில் 400 நானோமீட்டர் நீலம் எழும். கண்ணாடி 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் தாமதம் 6.7 பெம்டோ நொடி. நீலத்தின் அளவை வரைந்தால் ஆட்டோகோரிலேஷன் வளைவு. அதன் பாதி உயர அகலத்தை, காஸியன் (மணி போன்ற) வடிவமானால் 1.41ஆல் வகுத்தால் துடிப்பின் நீளம் கிடைக்கும்.

பிபிஓ ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது. வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். லேசர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் அறைக்குள் போகாதீர்கள்.

கொல்லங்கோடு: விலை கூடிய ஆசிலோஸ்கோப் வாங்கினால்?

மேலே சொன்னதுதான். முடியாது.

குளச்சல்: அம்மாவுக்குப் பெம்டோ லேசரில் கண் ஆபரேஷன் செய்யலாமா?

கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

மார்த்தாண்டம், ஓய்வு பெற்ற பேராசிரியர்: ஆட்டோகோரிலேஷனே போதும். மற்றதெல்லாம் வீண் செலவு.

மன்னிக்க வேண்டும் ஐயா, இதை ஒப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் வேறு வடிவில் சிதறி வரும் நீளத் துடிப்பும், அகன்ற மேட்டின் நடுவே ஒரு கூர்முனை காட்டும். முனையை மட்டும் அளந்து "50 பெம்டோ" என்று எழுதிவிடுகிறார்கள். அது துடிப்பே அல்ல. மேலும் வளைவு எப்போதும் இருபுறமும் சமமாக வரும். முக்கியத் துடிப்போடு வரும் குட்டித் துடிப்பு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று சொல்லாது. 1990களில் டிரெபினோவும் கேனும் கொண்டுவந்த ஃப்ராக் (FROG) முறையில், ஒவ்வொரு தாமதத்திலும் அந்த நீலத்தின் நிறமாலையையும், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்பதையும், எடுக்கிறோம். அதிலிருந்து கட்டமும் (phase, ஒளி அலைகள் ஒன்றுக்கொன்று எப்படி ஒத்து நிற்கின்றன என்பது) கிடைக்கும். நீல ஒளி வைத்துச் செய்யும் ஃப்ராக்கிலும் காலத்தின் திசை தெரியாது. வழியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து மறுபடி எடுத்தால் தெளியும்.

மீண்டும் அவரே: நிறமாலை அகலம் 10 நானோமீட்டர் இருந்தால் 94 பெம்டோதானே?

800 நானோமீட்டரில், காஸியனுக்கு, அதற்குக் கீழே போகாது என்றுதான் அர்த்தம். கட்டம் கலைந்திருந்தால் 500ஆகவும் இருக்கலாம். எல்லையை அளவு என்று எழுதக்கூடாது ஐயா.

குலசேகரம்: துடிப்பு லேசர் வாசலில் 30 பெம்டோ, சோதிக்கும் மாதிரிக்கு முன்னால் 45 பெம்டோ. லேசர் கெட்டுவிட்டதா?

இல்லை. கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் போவதால் துடிப்பு நீண்டுவிடும். நடுவில் 1 சென்டிமீட்டர் சிலிக்கா கண்ணாடி இருந்தாலே 30, 45 ஆகும். லென்ஸ்களை எண்ணிப் பாருங்கள். இனி மாதிரி இருக்கும் இடத்திலேயே அளந்துகொள்ளுங்கள். ஒளி பட்டுத் தெறிக்காதபடி மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு. 800 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும்.