கேள்வி பதில்: மழைக்கடற்கரைக்கு தனியா போலாமா?

கேள்வி: அக்கா, மும்பை செம்பூர்ல இருக்கேன், வயசு 57, பேங்க் வேலைல இருந்து விஆர்எஸ் வாங்கிட்டேன். நியூசிலாந்து தெற்குத் தீவோட மேற்குக் கடற்கரைக்கு 12 பேர் மட்டும் போற ஒரு நடைப்பயண டூர் இருக்கு, பிப்ரவரில, சேரலாம்னு ஆசை. வீட்டுக்காரர் வரமாட்டேன்றார். "மழைல நடக்க காசு வேற குடுக்கணுமா, ஜூலைல சயான்ல தண்ணி நிக்கும்போது நடந்துக்கோ"ன்னு கிண்டல் வேற. டூர்ல 'மாடரேட்'னு போட்டிருக்கு. தைரியமா போலாமா?

பதில்: போலாம். உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல மழை. நம்ம சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை, கதையேதான் அங்கயும், டாஸ்மன் கடல் மேல வர்ற ஈரக்காத்து சதர்ன் ஆல்ப்ஸ் மலைல முட்டி மேல ஏறி அப்படியே கொட்டிடுது. அந்தக் கடற்கரைல இருக்கற ஹொகிடிகா ஊர்ல வருஷத்துக்கு 2,900 மில்லிமீட்டர் பக்கம் பெய்யும், இன்னும் தெற்கே, மலைகளுக்கு நடுவுல கடல் உள்ள புகுந்திருக்கற மில்ஃபோர்ட் சவுண்ட்ல 6,500க்கும் மேல. நமக்கு நாலு மாசத்துல கொட்டி முடிஞ்சுடும், அங்க அப்படி சீசன் கிடையாது, பிப்ரவரி கோடையா இருந்தாலும் மழை வரும், அதனால வெயில் கிடைச்சா லாபம்னு நினைச்சுட்டு போங்க. மழை வந்தாலும் ட்ரிப் வீண் இல்ல. மில்ஃபோர்ட்ல வெயில் நாள்ல ரெண்டே ரெண்டு பெரிய அருவிதான் நிரந்தரமா இருக்கும், நல்லா பெஞ்சா பாறைச்சுவர் முழுக்க எங்க பார்த்தாலும் அருவி. புனகைகில தோசை அடுக்கி வச்ச மாதிரி சுண்ணாம்புப் பாறை இருக்கு, அதுக்கு நடுவுல இருக்கற ஓட்டை வழியா கடல் தண்ணி பீச்சி அடிக்கும், ஆனா ஹை டைடும் மேற்கிலிருந்து பெரிய அலையும் சேர்ந்தாதான் அந்த ஷோ. உங்க டூர் அங்க எத்தனை மணிக்கு போகுது, டைட் பார்த்துதான் நேரம் வச்சிருக்காங்களான்னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு முழிச்சாங்கன்னா வேற டூர் பாக்கலாம்.

மழையால நிஜமா கேன்சல் ஆகறது ஹெலிகாப்டர்தான். ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் பனியாறு ரெண்டும் உருகி ரொம்ப பின்வாங்கிடுச்சு, கீழேருந்து நடந்து ஐஸ் மேல ஏற முடியாது, ஹெலிகாப்டர்ல இறங்கினாதான் உண்டு, மேகம் இறங்கினா அதுவும் பறக்காது. ரீஃபண்ட் உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

இப்போ மும்பைக்காரங்க ஏமாறற இடம். நாம மழைல நனைஞ்சே வளர்ந்தவங்கதான், ஆனா நம்ம மழை வெதுவெதுப்பு. அங்க 12 டிகிரில காத்தோட அடிக்கும்போது காட்டன் குர்தாவோ ஜீன்ஸோ நனைஞ்சா ஒடம்பு சூடு வேகமா இறங்கிடும், கை நடுங்கி பேச்சு குழற ஆரம்பிச்சா அது விளையாட்டு இல்ல. உள்ள மெரினோ கம்பளி இல்லன்னா பாலியெஸ்டர் பனியன், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல ஹூட் வச்ச ரெயின் ஜாக்கெட், அவ்வளவுதான். குடை வீட்லயே இருக்கட்டும், அந்தக் காத்துக்கு நிக்காது.

'மாடரேட்'ங்கறத மட்டும் நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அர்த்தம். ரொம்ப நீளமான நாள் எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் ஏத்தம், சேறா பாறையா, ஓடை தாண்டணுமா, ஒரு நாள் முடியலன்னா வேன்லயே இருக்கலாமா, கைடு ஒருத்தரா ரெண்டு பேரா, இதெல்லாம் கேளுங்க. கடைசி கேள்விக்கு காரணம் இருக்கு: கைடு ஒருத்தர்தான்னா, அவரோட முன்னாடி போறவங்க நின்னு தண்ணி குடிச்சு, பிஸ்கட் சாப்ட்டு, போட்டோ எடுத்து முடிக்கும்போதுதான் பின்னாடி வர்றவங்க மூச்சு வாங்கிட்டு வந்து சேருவாங்க, உடனே "சரி கிளம்பலாமா"ம்பாங்க. ரெஸ்ட் யாருக்கு ரொம்ப வேணுமோ அவங்களுக்கு கிடைக்கவே கிடைக்காது. அதனால முதல் நாளே கைடுகிட்ட சொல்லிட்டு அவருக்கு நேர் பின்னாடி ரெண்டாவது ஆளா நடங்க, வேகம் உங்க கைக்கு வந்துடும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

வீட்டுக்காரர் சொன்ன பாதி இதுதான், இந்த ஜூன் ஜூலைலயே மழைல நடங்க, ஆனா சயான் தண்ணில வேணாம், எலிக்காய்ச்சல் வரும். ஞாயித்துக்கிழமை போரிவலி நேஷனல் பார்க்ல கன்ஹேரி குகை வரைக்கும், கொஞ்சம் பழகினதும் கர்னாலா கோட்டை. நியூசிலாந்துல போடப்போற அதே ஷூ, அதே பை, ஷூ நனைஞ்சா எங்க கடிக்குதுன்னு இங்கயே தெரிஞ்சுடணும். மத்த நாள்ல உங்க பில்டிங்ல லிஃப்ட்ல ஏறி படில இறங்குங்க. தப்பா எழுதல, முழங்கால் கெடறது இறக்கத்துலதான்.

இன்ஷூரன்ஸ் கண்டிப்பா எடுங்க. அங்க விழுந்து அடிபட்டா வெளிநாட்டுக்காரங்களுக்கும் ஏசிசின்னு ஒரு அரசுத் திட்டம் உதவும், ஆனா காய்ச்சல் நெஞ்சுவலி மாதிரி நோய்க்கு அது கிடையாது, ஊர் திரும்பற செலவும் தராது.

கேள்வி: நாங்க சைவம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போலாமா? – மாட்டுங்கா வாசகர்

பதில்: எடுத்துட்டுப் போய் நியூசிலாந்து ஏர்போர்ட் அதிகாரிங்ககிட்ட டிக்ளேர் பண்ணுங்க. பாக்கெட்ல ஒரு ஏலக்காய் இருந்தாலும் 'சாப்பாடு இருக்கு'ன்னே போடுங்க, விடறதா வேணாமான்னு அவங்க பார்த்து சொல்வாங்க. மறைச்சு மாட்டினா அங்கயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் வேண்டவே வேணாம். நடக்கற ஷூவையும் டிக்ளேர் பண்ணணும், அடில கர்னாலா சேறு ஒட்டிட்டு இருந்தா கழுவ வச்சிடுவாங்க, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு காயவச்சு எடுத்துட்டுப் போங்க. சைவம்னு புக்கிங் அப்பவே எழுதிக் குடுத்துடுங்க, ஹொகிடிகா தாண்டி தெற்கே போகப் போக கடைங்க கம்மி.

கேள்வி: அங்க கொசுவுக்கு ஓடோமாஸ் போதுமா? – டோம்பிவ்லி வாசகி

பதில்: அங்க தொல்லை சாண்ட்ஃபிளைங்கற கடிக்கற பூச்சிதான், கறுப்பா பொடிசா இருக்கும். மில்ஃபோர்ட் அழகுல மயங்கி மனுஷங்க அங்கயே தங்கிடக் கூடாதுன்னு ஒரு தேவதை இதை விட்டுட்டுப் போச்சுன்னு மாவோரி கதை ஒண்ணு உண்டு. நோய் எதுவும் பரப்பாது, ஆனா அரிப்பு நாள்கணக்கா நிக்கும். நடக்கும்போது அவ்வளவா கடிக்காது, நின்னு டிபன் பாக்ஸைத் திறந்தா கணுக்கால்ல வந்து உக்காரும், அதனால சாக்ஸுக்குள்ள பேன்ட்டை சொருகிக்கோங்க. பூச்சி விரட்டற மருந்தை அங்கயே கடைல வாங்கிக்கலாம். அதுல டீட்ங்கற ரசாயனம் இருந்தா கண்ணாடி ஃபிரேம், வாட்ச், ரெயின் ஜாக்கெட் மேல படாம தடவுங்க, பிளாஸ்டிக்கை அரிச்சிடும்.