பழைய துப்பாக்கிக்குப் பேரம் பேசுவது எப்படி: கேட்டவர்களுக்கு என் பதில்

ஏற்காட்டில் கொஞ்சம் காபியும் மிளகும் போட்டிருக்கிறேன். லைசென்ஸ் எடுத்து முப்பது வருஷம் ஆகிறது, இதுவரை மூன்று துப்பாக்கி வாங்கி இரண்டை விற்றிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. சட்டத்தை விட, விலை பேசும்போது எப்படி நடந்துகொள்வது என்றுதான் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஆனால் இந்த வியாபாரத்தில் சட்டத்தையும் மரியாதையையும் பிரித்துப் பேச முடியாது.

அண்ணே, சேலத்தில் ஒருத்தர் பன்னிரண்டு போர் (குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு 1,20,000 ரூபாய் சொல்கிறார். எவ்வளவு குறைத்துக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்? (அஸ்தம்பட்டி)

எவ்வளவு என்பதை விட எப்போது கேட்கிறோம் என்பதுதான் விஷயம். பொருளைப் பார்க்காமல் போனிலேயே "கடைசி விலை சொல்லுங்க" என்பவருக்கு நான் பதிலே சொல்வதில்லை. நேரில் போங்கள், உங்கள் லைசென்ஸை முதலில் நீங்களே எடுத்துக் காட்டுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு அனுமதி கேட்டுத் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு பேருமே பார்த்துவிட்டு, குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மலை வீட்டில் எண்ணெய் போடாமல் வைத்திருந்தால் தோட்டா அறையை ஒட்டிப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். குழலை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் மணிச்சத்தம் வரவேண்டும், கரகரவென்று அதிர்ந்தால் இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பட்டை விட்டுப்போயிருக்கிறது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கியாக இருந்தால் அறை 65 மில்லிமீட்டரா 70ஆ என்று கேளுங்கள், 65 அறையில் 70 தோட்டா போடக்கூடாது. இப்படி ஒவ்வொன்றையும் காட்டிக் குறைத்தால் அவருக்கும் கோபம் வராது. சும்மா பாதி விலைக்குக் கேட்டால் டீ கூட வராது.

வெளிநாட்டுத் துப்பாக்கி என்றாலே யானை விலை சொல்கிறார்களே, நியாயமா?

1980களின் நடுவிலிருந்து சாதாரண ஆட்களுக்கு இறக்குமதி அடைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பதுதான் கைமாறுகிறது, அதனால் விலை நிற்கிறது. அதற்காகப் பெயரைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், குழலைப் பாருங்கள்.

விலை பேசி முடித்தாகிவிட்டது. பொருள் கைக்கு வரும் முன் வெளியில் விலை இறங்கிவிட்டால் குறைத்துக் கேட்கலாமா? (ஐந்து ரோடு)

கூடாது தம்பி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, நம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்க டீலர் உரிமம் வேண்டாம். ஆனால் வாங்குபவரின் பெயர், விலாசம் போட்டு மாவட்ட மாஜிஸ்ட்ரேட் அதிகாரமுள்ள கலெக்டருக்கோ பக்கத்து காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுதிக் கொடுத்து, குறைந்தது 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். அந்தக் கடிதம் போன நாளிலிருந்து விற்பவர் கட்டுப்பட்டவர். வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் புதுக் கடிதம், மறுபடியும் 45 நாள்.

என்னிடம் ஒருவர் இப்படித்தான் செய்தார். 44ஆவது நாள் சாயங்காலம் போன் போட்டு, "வீட்டில் செலவு வந்துவிட்டது, ஒரு பத்தாயிரம் குறைச்சுக்கங்க" என்றார். செலவு யாருக்குத்தான் இல்லை? பத்தாயிரத்தையும் குறைத்துக் கொடுத்தேன், அலைய முடியாமல். அப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. அதனால் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடியே விலையை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு? திருப்பித் தரணுமா?

கடிதம் கொடுத்து ரசீது வாங்கிய பிறகு பத்தில் ஒரு பங்கு, வங்கி வழியாக. அதிகாரிகள் மறுத்தால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும், அது யார் தப்பும் இல்லை. வாங்குபவர் மனசு மாறினால் விற்பவர் அதில் அலைச்சல் செலவைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மீதியைக் கையில் பணமாகக் கட்டாதீர்கள், ஒரே ஆளிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே கூடாது.

துப்பாக்கிக்கடையில் வைத்திருந்த கட்டணம், மெக்கானிக் கூலி எல்லாம் யார் தலையில்? (நாகலூர்)

நாங்கள் பேசிக்கொள்ளும் வழக்கம் இதுதான். 45 நாள் வரை கடையில் வைக்கும் வாடகை விற்பவருக்கு, அதன் பிறகு வாங்குபவர் தாமதித்தால் அவருக்கு. மெக்கானிக்கை நீங்கள் கூட்டிவந்தால் கூலி உங்களுடையது, அவர் குறை கண்டுபிடித்தாலும் சரி. சுட்டுப் பார்க்கணும் என்றால் ரைபிள் கிளப் மைதானத்துக்குப் போங்கள், தோட்டாவுக்கு நீங்கள் காசு கொடுங்கள். தோட்டத்தில் வைத்து "ஒண்ணே ஒண்ணு" என்று சுட்டுப் பார்த்தால் வனத்துறைக்காரர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

அப்பா காலமாகிவிட்டார், அவர் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. ஒரு மாமா நல்ல விலை தருவதாகச் சொல்கிறார்.

வருத்தமாக இருக்கிறது அம்மா. முதலில் விலை வேண்டாம். உடனே காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அங்கே இருக்கும்போதே லைசென்ஸ் உள்ள ஆளுக்கு விற்கவும், பணத்தை நீங்கள் பெறவும் 21ஆவது பிரிவு வழி தருகிறது. அதற்கும் கால வரம்பு உண்டு, தாண்டினால் அரசுக்குப் போய்விடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மாமாவிடம் லைசென்ஸ் இருக்கிறதா, ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான். துக்க வீட்டில் விலை பேச வருபவர் எவ்வளவு சொந்தமானாலும் ஒரு மாசம் கழித்து வரச் சொல்லலாம், தப்பில்லை.

ஆள் காட்டிவிட்டவர் இரண்டு பர்சென்ட் கமிஷன் கேட்கிறார்.

நிலத்துக்கு அது பழக்கம். இங்கே வேண்டாம். துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய டீலர் லைசென்ஸ் வேண்டும், இப்படி ஊர் ஊராகக் கமிஷன் வாங்கிக்கொண்டு திரிபவர் உங்களையும் சேர்த்து ஸ்டேஷனில் உட்கார வைப்பார். நன்றிக்கு ஒரு கூடை மல்கோவா கொடுங்கள்.

மலையில் ஒருவர் நாட்டுத் துப்பாக்கி எட்டாயிரத்துக்குத் தருகிறாராம், பேசிக் குறைக்கலாமா?

சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கைமாறும் நாளில் ஏதாவது மறக்கக்கூடாதா?

துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணை விற்பவர் லைசென்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதித் தோட்டாவையும் விற்பதானால் கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். உறை, துடைக்கும் கம்பி இதெல்லாம் கேட்காமலேயே கொடுத்துவிடுவேன். வாங்கியவரை அடிவாரம் வரை கூடவே போய் வழியனுப்பி, தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பது என் பழக்கம். அந்தச் செலவு மட்டும் எப்போதும் என்னுடையது.